எடுக்காத பொட்டலம்

யாராவது "லேசா முதுகுவலி" என்று சொன்னால் இப்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. அந்த "லேசா"வை மாதக்கணக்கில் சொல்லித் திரிந்தவள் நான். ஆகவே இதைப் படிப்பவர்களுக்கு எடுத்த எடுப்பில் சொல்லிவிடுகிறேன். முதுகுவலியோடு சாயங்காலமானால் காய்ச்சலும் அடித்து, உடம்பும் காரணமில்லாமல் இளைத்துக்கொண்டு போனால், தைலத்தை மூடி வைத்துவிட்டு டாக்டரைப் பாருங்கள். மற்றதைப் பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம்.

என் பெயர் வசந்தா. செஞ்சிக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் வரலாறு சொல்லித்தருகிறேன். வீட்டுக்காரர் ஏழுமலை, செஞ்சி பஜாரில் விதையும் உரமும் விற்கும் கடை வைத்திருக்கிறார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அது வேறு கதை. அதற்கும் ஒரு சாமி காரணம் என்று சொல்ல ஊரில் ஆள் உண்டு. வீட்டில் எங்களோடு இருப்பவள் செல்வி, அவருடைய தங்கை. கட்டியவன் விட்டுவிட்டுப் போனபின் அண்ணன் வீட்டோடு வந்துவிட்டாள். கூடத்தில் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ் ஏறுகிறவள். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊற்றாமல் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள்.

எனக்கு அந்தப் பழக்கம் எதுவும் கிடையாது. நான் அஞ்சல் வழியில் மெய்யியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தாள் சமய மெய்யியல். கடவுள் உண்டு என்பதற்கு என்னென்ன வாதம், இல்லை என்பதற்கு என்னென்ன வாதம், வேண்டுதல் என்றால் என்ன, நம்பிக்கைக்கும் அறிவுக்கும் என்ன உறவு என்று ஆரம்பத்திலிருந்து சொல்லித்தரும் அறிமுகப் பாடம். அந்தப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர் சிரித்தார்.

"சாமி இருக்குதா இல்லியான்னு தெரிஞ்சிக்க ஒரு எம்.ஏ.வா? கோயிலுக்குப் போனா ஓசியிலயே தெரிஞ்சிக்கலாமே."

வலி வந்த புதிதில் ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். நாளெல்லாம் நின்றுகொண்டே பாடம் நடத்துவது, ஸ்கூட்டியில் போவது, வயசு. சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர் என்னைக் குப்புறப் படுக்கவைத்து முழங்காலால் அழுத்தினார். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. எனக்குள் இருந்த நோய்க்கு அதைவிடக் கெட்ட வைத்தியம் இருக்க முடியாது.

நான் முடங்கியது மண்டகப்பட்டில். பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப் போயிருந்தேன். செங்கல் இல்லை, மரம் இல்லை, உலோகம் இல்லை, சுண்ணாம்பு இல்லை. வெறும் பாறையைக் குடைந்து மூன்று தெய்வங்களுக்கு ஒரு பல்லவ ராஜா எடுத்த கோயில் அது. இன்று மூன்று அறையும் காலி. எனக்கு மிகவும் பிடித்த கோயில் அதுதான், உள்ளே யாரும் இல்லாததால். படியில் உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டு எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இடுப்புக்குக் கீழே யாரோ ஈர மண்ணைக் கொட்டி மூடியது போலக் கனத்தது. இரண்டு மாணவிகள் கைத்தாங்கலாகப் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். "காலியா கெடக்கற கோயில்ல காத்து கருப்பு இருக்கும் டீச்சர்," என்று பிறகு தலைமையாசிரியர் சொன்னார். அவர் அறிவியல் பட்டதாரி.

புதுச்சேரியில் ஒரு பெரிய மருத்துவமனையில் சேர்த்தார்கள். முதலில் எக்ஸ்ரே, பிறகு எம்.ஆர்.ஐ. அது ஒரு குழாய். உள்ளே தள்ளிவிட்டு அசையாதே என்கிறார்கள். காதில் பஞ்சு வைத்தாலும் தகரக் கொட்டகையில் சுத்தியலால் அடிப்பது போல ஒரு சத்தம். பிறகு முதுகில் ஊசி குத்திக் கொஞ்சம் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். அதன் முடிவு வரும்வரை வார்டில் கிடந்தேன்.

அந்தக் காத்திருப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். புற்றுநோயா, வேறு ஏதாவதா என்று யாரும் வாயைத் திறக்கவில்லை. டாக்டர்கள் காலையில் கூட்டமாக வந்து, என் காலைத் தட்டி, பாதத்தில் கோடு கிழித்து, தங்களுக்குள் பேசிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு நான் வெறும் ஒரு கால். எனக்கு மேலே ஒரு முகம் இருப்பது நர்ஸ்களுக்கு மட்டும்தான் தெரியும். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வந்த பிறகும் எனக்கு ஒன்றும் தெரிந்தபாடில்லை, தெரிந்தவர்கள் சொன்னால்தானே?

தலையணைக்கு அடியில் பாடப் புத்தகம் இருந்தது. பரீட்சை நெருங்கியிருந்தது. தீமையைப் பற்றிய பாடத்தில் இருந்தேன். கேள்வி எளிது. கடவுள் நல்லவர், எல்லாம் அறிந்தவர், எல்லாம் வல்லவர் என்றால் இந்த வலி எதற்கு? அவருக்குத் தெரியாதா, முடியாதா, மனமில்லையா? இதற்கு உலகத்து அறிஞர்கள் சொன்ன பதில்களைப் புத்தகம் ஒவ்வொன்றாக அடுக்கியிருந்தது. அதைப் படிக்கும் சிரமமே எனக்கு இல்லாமல், பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு பதிலைப் பழப் பையோடு கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்கள்.

"கஷ்டம்தான் டீச்சர் மனுஷனைப் பக்குவப்படுத்தும்," என்றார் தலைமையாசிரியர். எட்டாம் வகுப்புக்கு இத்தனை வருடம் பாடம் நடத்தியவளுக்கு இன்னும் என்ன பக்குவம் பாக்கி என்று கேட்க நினைத்தேன், வலியில் கேட்கவில்லை. வீட்டுக்காரரின் சித்தப்பா, "பெருசா வரவேண்டியது இத்தோட போச்சுன்னு நெனச்சிக்கம்மா," என்றார். அந்தப் பெரிசு எது என்று அவர் சொல்லவில்லை. அவர் சம்சாரம் மூக்கைச் சிந்திக்கொண்டே, "யாருக்கு இன்னா பாவம் பண்ணுனியோ," என்றாள். ஆறுதல் என்று நினைத்துத்தான் சொன்னாள். மேலும் ஒருவர் வந்து, "ஆண்டவன் தனக்குப் புடிச்சவங்களைத்தான் சோதிப்பான்," என்றார். அப்படியானால் என்னைக் கொஞ்சம் பிடிக்காமல் போகட்டும் என்றுதான் தோன்றியது.

ஒருவரை மட்டும் மறக்க மாட்டேன். எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார், சமணக் குடும்பத்துக்காரர். சுவரோரமாகவே நின்றார்.

"எங்க வழியில உலகத்தைப் படைச்சவர்னு ஒருத்தர் கிடையாது டீச்சர். எல்லாம் வினைதான். எந்த வினைன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். பிறகு, "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டார்.

வந்தவர்களில் அதைக் கேட்டது அவர் ஒருவர்தான். அவர் போனபிறகு நான் அழுதேன்.

செல்வி காரணம் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கு நேரமும் இல்லை. கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுப்பாள். விடியும் முன் எழுந்து பொதுக் குழாயில் வரிசையில் நின்று வெந்நீர் பிடித்து வருவாள். என்னைப் புரட்டி உடம்பு துடைத்து, தலை வாரி, பின்னல் முதுகில் குத்தாதபடி முன்பக்கம் எடுத்துப் போடுவாள். பெட்பேனை எடுத்துப் போகும்போது முகத்தைச் சுளித்து ஒருநாளும் நான் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரி இட்லி எனக்குப் பிடிக்காது என்று, வார்டில் கூட இருக்கிற பெண்களிடம் சிநேகம் பிடித்து யார் வீட்டு ரசமாவது வாங்கிவந்து பிசைந்து ஊட்டுவாள். ஊட்டுவதற்கு முன் என் நெற்றியில் மேல்மலையனூர் சாம்பலைப் பூசுவாள். எனக்கு நம்பிக்கை இல்லை என்று அவளுக்குத் தெரியும். நான் தடுக்க மாட்டேன் என்றும் தெரியும்.

முடிவு வந்தது. காசநோய். டி.பி. என்றால் இருமல், சளி, நுரையீரல் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்தக் கிருமி ரத்தத்தோடு போய் எலும்பிலும் குடியேறுமாம். என் முதுகெலும்பில் இரண்டு கண்ணிகளைக் கரையான் நிலைக்காலைத் தின்பது போலத் தின்றிருந்தது. தின்ற இடத்தில் சீழ் கட்டி, அது தண்டுவடத்தை, அதாவது மூளையிலிருந்து காலுக்கு உத்தரவு கொண்டுபோகும் நரம்புக் கற்றையை, அழுத்திக்கொண்டிருந்தது. புற்றுநோய் இல்லை என்று தெரிந்ததும் வீட்டுக்காரர் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார்.

"மாத்திரை இன்னிக்கே ஆரம்பிச்சிடலாம்," என்றார் டாக்டர். "ஆனா மாத்திரை கிருமியைத்தான் கொல்லும், அழுத்தத்தை உடனே எடுக்காது. கால் பலம் குறைஞ்சிக்கிட்டே வருது. ஆபரேஷன் பண்ணிச் சீழை எடுத்துட்டு, திருகு போட்டு எலும்பை நிறுத்தணும். தள்ளிப்போட்டா கால் போயிடலாம். போனா திரும்பி வரும்னு நான் உத்தரவாதம் தர முடியாது."

"அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுக்கிறோம் சார்," என்றார் வீட்டுக்காரர்.

"தாராளமா. போன் போட்டுக் கேளுங்க," என்றார் டாக்டர். அவர் கேரளத்துக்காரர்.

அம்மா என்று இவர் சொன்னது அங்காளம்மனை. எங்கள் கழனி மேட்டில் வேப்பமரத்தடியில் குடும்பத்துக்கென்று ஓர் அங்காளம்மன் இருக்கிறாள். கல்யாணமோ, கிணறு வெட்டுவதோ, பெரிய காரியம் எதுவானாலும் அவளிடம் பூக் கேட்காமல் இவர்கள் தொடங்குவதில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்பு அரளி ஒரு பொட்டலம், வெளியே பார்த்தால் வித்தியாசம் தெரியாதபடி வாழை இலையில் கட்டி அவள் முன்னால் போடுவார்கள். கட்டுவது வீட்டுப் பெண். எடுப்பது பூசாரி. வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் செய்யாதே. எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும். எதிர்ப் பதிலைப் பார்ப்பது அம்மனைச் சந்தேகப்படுவதாம்.

செல்வி ஊருக்குப் போய்ப் பூக் கட்டிப் போட்டாள். சிவப்பு வந்தது.

நான் கத்தினேன். என் உடம்பு, என் கால், நான் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். நர்ஸ் வருத்தத்தோடு சிரித்தாள். வீட்டு ஆள் கையெழுத்து இல்லாமல் அந்த ஆஸ்பத்திரியில் கத்தியை எடுக்க மாட்டார்களாம். எனக்கு மூளை இருந்தது, படிப்பு இருந்தது, மாதச் சம்பளம் இருந்தது. எழுந்து நிற்க முடியாதவளுக்கு அதெல்லாம் எதற்கு உதவும்? ஆட்டோவுக்குக் கைகாட்டக்கூட அடுத்தவர் வேண்டும்.

"அமாவாசை வரட்டும், மறுபடியும் கேக்கலாம்," என்றார் வீட்டுக்காரர். "மாத்திரைதான் குடுத்துட்டாங்க இல்ல? உனக்கு ஒண்ணு ஆயிட்டா நான் இன்னா பண்ணுவேன்? அவ வேணாம்னு சொல்லியும் செஞ்சி, நீ டேபிள்லயே போயிட்டா?"

அவர் கெட்டவர் இல்லை, அதுதான் கொடுமை. கடையைப் பூட்டிவிட்டு வந்து என்னைத் தன் கைகளில் தூக்கி வண்டியில் ஏற்றினார். சொந்தப் பொறுப்பில் அழைத்துப்போகிறோம் என்று எழுதிக் கொடுக்கும்போது தேதியை இரண்டு முறை தப்பாகப் போட்டு அடித்தார். பயம் அவருக்கு உண்மையாகவே இருந்தது. அந்தப் பயத்துக்கு விலை கொடுத்தது மட்டும் நான்.

வீட்டில் கிடந்த நாட்களைப் பற்றி அதிகம் எழுத முடியவில்லை. மாத்திரையால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும் என்று சொல்லியிருந்தார்கள். சிறுநீர் போவதே தெரியாமல் போகும் நாள் வரும் என்று சொல்லவில்லை. அந்த நாள் வந்தது. துணி நனைந்திருப்பதைச் செல்வி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். ஊக்கால் பாதத்தில் குத்திப் பார்க்கச் சொன்னேன். "குத்தறியா?" என்று கேட்டேன். "குத்திட்டேன் அண்ணி," என்றாள். நான் புத்தகத்தைத் தூக்கி எறிந்தேன். அது மெஷின் மேல் போய் விழுந்தது. அவள் எடுத்து, தூசி தட்டி, கண்ணில் ஒற்றிக்கொண்டு அலமாரியில் வைத்தாள். கடவுள் இல்லை என்ற வாதமும் அதில்தான் இருக்கிறது. அவளுக்கு எழுத்து என்றாலே சரஸ்வதி.

அமாவாசை அன்று மறுபடியும் பூக் கேட்டார்கள். வெள்ளை வந்தது. வீட்டுக்காரர் கழனியிலிருந்து ஓடியே வந்தார் என்று சொன்னார்கள். மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரி. டாக்டர் என் காலைத் தட்டிப் பார்த்துவிட்டு ஆபரேஷன் தியேட்டரைத் தயார் செய்யச் சொன்னார். அவர் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அறுவைச் சிகிச்சை எனக்கு ஒன்றும் தெரியாமல் நடந்தது. கண் விழித்தபோது தாகம். பிறகு குளிர். ஐ.சி.யூ.வில் எப்போதும் ஒரே வெளிச்சம், காலையா மாலையா தெரியாது. என் முதுகில் இப்போது திருகுகளும் கம்பியும் இருக்கின்றன. இடது கால் ஒரு வாரத்தில் கட்டைவிரலை ஆட்டியது. செல்வி அதற்கு வார்டு முழுக்கச் சர்க்கரை கொடுத்தாள். வலது காலில் பலம் முழங்கால் வரை வந்து நின்றுவிட்டது. பாதம் தொங்குகிறது. இதற்குப் பிளாஸ்டிக்கில் ஒரு தாங்கி செய்து கொடுத்திருக்கிறார்கள். அதைப் போட்டால்தான் நடக்க முடியும், போடாமல் நடந்தால் பாதம் தரையில் இழுபடும்.

பயிற்சி கொடுக்க வந்த பையன் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைக் காட்டி, "கடவுள் எவ்வளவு அழகா அடுக்கி வச்சிருக்காரு பாருங்க மேடம்," என்றான். புத்தகத்தில் அதற்கும் ஒரு பாடம் உண்டு. உலகத்தின் ஒழுங்கைப் பார், ஒழுங்கு செய்தவன் ஒருவன் இருக்க வேண்டும் என்ற வாதம். கிருமி என் எலும்பை எவ்வளவு ஒழுங்காகத் தின்றது என்று எம்.ஆர்.ஐ. படத்தில் பார்த்தவள் நான். காலைத் தூக்கு என்றான், தூக்கினேன்.

வீட்டுக்கு வந்து கோலூன்றி நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டேன். முதலிலேயே கையெழுத்துப் போட்டிருந்தால் இந்தக் கால் இப்படி ஆகியிருக்குமா?

"அம்மாவைக் கேட்டதுல இன்னா நஷ்டம்?" என்றார். "அவ இருந்தா நல்லது. இல்லன்னு நீ சொல்ற மாதிரியே வச்சிக்க, கும்புட்டதுல நமக்கு இன்னா போச்சு?"

இதுவும் புத்தகத்தில் இருக்கிறது. கடவுள் உண்டு என்று பந்தயம் கட்டு. இருந்தால் எல்லாம் லாபம், இல்லாவிட்டால் போவது ஒன்றுமில்லை. பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்ட வாதம். என்னிடம் அதற்குப் பதில் இருந்தது. புடவையைக் கணுக்கால் வரை தூக்கி, தாங்கியைக் கழற்றிப் பாதத்தைக் காட்டினேன்.

"இது போச்சு," என்றேன்.

அவர் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு கடைக்குப் போனார். அன்று மதியம் சாப்பிட வரவில்லை. மாலையில் நான் கேட்காமலே எனக்குப் பிடித்த பலாச்சுளை வாங்கிவந்து வைத்தார்.

செல்விக்கு என்னமோ ஆகியிருந்தது. வெள்ளிக்கிழமை மட்டும் விரதம் இருந்தவள் செவ்வாயும் சேர்த்துப் பட்டினி கிடந்தாள். செருப்புப் போடுவதை விட்டாள். கடைத்தெருவுக்கு மத்தியான வெயிலில் வெறுங்காலோடு போய்ப் பாதம் கொப்பளித்து வந்து நின்றாள். வேண்டுதலா என்று கேட்டால் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவாள். ஒரு நாள் காலையில் என் காலுக்குத் தாங்கி மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள். பட்டையை இறுக்கியவள் அப்படியே பாதத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இந்தக் காலு என்னாலதான் போச்சு அண்ணி."

"என்ன உளர்ற?"

"அண்ணங்கிட்ட சொல்லிடாதீங்க. ரெண்டாவது தபா நான் ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைப் பூவைத்தான் வச்சேன்."

பூசாரி எதை எடுத்திருந்தாலும் வெள்ளைதான் வந்திருக்கும். அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"மறுபடியும் செவப்பு வந்துட்டா அண்ணன் கையெழுத்து போட மாட்டாரு. உங்களைப் புரட்டிப் போட்டு துடைக்கறது நானு. ஊக்கால குத்திப் பார்த்ததும் நானு. கால்ல ஒண்ணும் இல்லன்னு எனக்குத்தான தெரியும்? அதான் கை அப்படிப் போயிடுச்சு. அம்மாவையே ஏமாத்திட்டேன். அவ சும்மா இருப்பாளா? ஒரு காலை எடுத்துக்கிட்டா. தப்பு பண்ணவ நானு, என் காலை எடுத்திருக்கலாம் இல்ல?"

கோபம், சிரிப்பு, அழுகை எல்லாம் ஒன்றாக வந்தது. யாரும் எதையும் எடுக்கவில்லை, நரம்பு நசுங்கிக் கிடந்ததால் போன கால் இது, நீ பூவை மாற்றியதால்தான் மற்ற கால் இருக்கிறது என்று சொன்னேன். டாக்டர் சொன்னதை வரி வரியாகச் சொன்னேன். பாடம் நடத்துகிற குரலில் சொன்னேன். அவள் தலையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அம்மன் இல்லை என்று சொல்லி அவளைத் தேற்ற என்னால் முடியாது. அம்மன் இல்லாவிட்டால், கட்டியவன் போனபின் அவள் யாரிடம் போய் நிற்பாள்?

இத்தனையும் நினைக்கத் தெரிந்த எனக்கு வாயை அடக்கத் தெரியவில்லை. உள்ளே கிடந்த கசப்பு வெளியே வந்துவிட்டது.

"ஏமாத்தறதுன்னு இருந்தவ, அதை மொத தடவையே செஞ்சிருக்கக் கூடாதா செல்வி?"

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மொத தபா அவ வெள்ளைதான் குடுப்பான்னு நம்புனேன் அண்ணி."

எங்கள் வீட்டில் சாமியை முழுசாக நம்பியவள் அவள் ஒருத்திதான். வீட்டுக்காரருடையது பயம், மற்றவர்களுடையது பழக்கம். 'என் அண்ணிக்கு அம்மா கெடுதல் செய்ய மாட்டா' என்று கண்ணை மூடிக்கொண்டு ஒரு சிவப்பும் ஒரு வெள்ளையுமாக நேர்மையாகக் கட்டினாள். அந்த நம்பிக்கைதான் என் பாதத்தைக் கொண்டுபோனது. அமாவாசை அன்று அவளிடம் அந்த நம்பிக்கை இல்லை. அதனால் நான் நடக்கிறேன். பரீட்சையை அடுத்த பருவத்தில் எழுதினேன். நம்பிக்கை என்றால் என்ன என்று ஒரு கேள்வி வந்தது. புத்தகத்தில் இருந்ததை எழுதிவிட்டு வந்தேன், மார்க்கும் போட்டார்கள்.

இதற்குள் ஊரில் வேறு கதை நடந்துகொண்டிருந்தது. கடைக்கு நெல் விதை வாங்க வருகிறவர்களிடம் வீட்டுக்காரர் சொல்கிறார். "டாக்டரே கையை விரிச்சிட்டாரு. அமாவாசை அன்னிக்கி அம்மா வெள்ளைப் பூ குடுத்தா. இப்ப பாருங்க, டீச்சர் நடக்கறா." டாக்டர் எங்கே கையை விரித்தார்? கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு இவருக்காக அல்லவா காத்திருந்தார். கேட்டவர்கள் கழனி மேட்டுக்குப் போய்க் கற்பூரம் ஏற்றுகிறார்கள். வேப்பமரத்தைச் சுற்றி மஞ்சள் துணி கூடிவிட்டது. பிறகு என்னைப் பார்க்க வருகிறார்கள். நான் நடந்து காட்ட வேண்டும்.

அற்புதம் நடந்தது என்று ஒருவர் சொன்னால், சொல்கிறவருடைய சாட்சியை எடைபோடு என்கிறது பாடம். எடைபோடலாம். இங்கே பெரிய சாட்சியே நான்தான். வாயைத் திறந்தால் அந்த மரத்தடி காலியாகிவிடும். ஆனால் அண்ணன் வீட்டில் செல்விக்குப் போடுகிற சோறும் அதோடு போய்விடும். அம்மனை ஏமாற்றியவளை அவர் வீட்டுக்குள் வைத்துக்கொள்வாரா என்பதற்கு நான் பந்தயம் கட்டத் தயாராக இல்லை. ஆகவே கேட்கிறவர்களிடம் ஒன்றும் சொல்லாமல் சிரித்து வைக்கிறேன். அவர்கள் அதைப் பக்தி என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

போன வாரம் குமாரி வந்தாள். பக்கத்துத் தெரு, புருஷன் நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவன். அவர்களுடைய பெண் என்னிடம் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். படி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று காட்டியதில், இதய வால்வு ஒன்று சுருங்கிப்போயிருக்கிறது, ஆபரேஷன் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வால்வு என்பது ரத்தம் ஒரு பக்கமாக மட்டும் போக வைக்கும் கதவு. அது சரியாகத் திறக்காவிட்டால் இதயம் முக்கி முக்கி ஓய்ந்துவிடும். நன்றாகப் படிக்கிற பெண். மண்டகப்பட்டில் என்னைத் தாங்கிப் பிடித்தவர்களில் ஒருத்தி.

குமாரி வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே செல்வி மெஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், உங்களுக்கு அம்மா வெள்ளைப் பூ குடுத்தாளாமே. நெசந்தானா?" என்று கேட்டாள். "எங்க வீட்டுல பூக் கேக்காம செய்யவே கூடாதுன்றாங்க. உங்க மேட்டுக்கே வந்து கேக்கலாம்னு இருக்கறோம். எனக்குப் பயமா இருக்குது டீச்சர். செவப்பு வந்துட்டா?"

இல்லை என்று சொன்னால் அவள் நம்பப் போவதில்லை. இங்கே இல்லாவிட்டால் வேறு ஒரு மரத்தடிக்குப் போவார்கள். ஆமாம் என்றால் அந்தப் பெண்ணின் உயிரை இரண்டு இலைப் பொட்டலத்தின் முன்னால் கொண்டுபோய் வைத்தவள் நானாவேன். நான் படித்த வாதங்களில் ஒன்றுகூட அந்த நேரத்தில் உதவிக்கு வரவில்லை.

"நெசந்தான் குமாரி, குடுத்தா," என்றேன். "போய்க் கேளுங்க. ஆனா பூவை உங்க வீட்டு ஆளுங்க கட்ட வேணாம். செல்வியைக் கூட்டிட்டுப் போ. அவ கைராசிக்காரி."

மெஷின் சத்தம் நின்றது. செல்வி திரும்பி என்னைப் பார்த்தாள். நானும் அவளைப் பார்த்தேன். அவள் முகம் வெளுத்திருந்தது. வெறும் பாதம் இரண்டும் மிதியின் மேல் அசையாமல் இருந்தன. பிறகு துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டு எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"டாக்டர் இன்னா சொல்றாரு குமாரி?" என்று கேட்டாள். "செய்யணும்ன்றாரா, வேணாம்ன்றாரா?"